கோடரிக் கொல்லரின் மகன் செய்த குட்டிக் கத்தி... ஜோசப் ஓப்பினெல் கதை தெரியுமா?

ஸ்டாம்ப், பழைய நாணயம், வாட்ச், ஸ்னீக்கர்ஸ்... சேகரிக்கணும்னு முடிவு பண்ணிட்டா மனுஷங்க எதையும் விட்டுவைக்க மாட்டாங்க. அந்த வரிசையில், மடக்குக் கத்தி சேகரிக்கிறவங்கன்னு உலகம் முழுக்க ஒரு பெரிய கூட்டமே இருக்கு. உடனே சினிமா வில்லன் பாக்கெட்ல இருந்து சடக்குனு எடுக்கிற கத்தியைக் கற்பனை பண்ணாதீங்க. இது வேற. ரொட்டி வெட்ட, ஆப்பிள் நறுக்க, கயிறு அறுக்கன்னு விவசாயிகளும் ஆடு மேய்ப்பவர்களும் பாக்கெட்ல வெச்சிருந்த, அந்தந்த ஊர்க் கொல்லர்கள் செய்த கத்தி.

பிரான்ஸில் லாகியோல், நோந்த்ரோன்; இத்தாலியின் சார்டினியா தீவில் பட்டாடா. இதெல்லாம் கத்தியோட பெயர் மட்டும் இல்லைங்க, ஊரோட பெயரும்தான். ஸ்பெயினுக்கு நவாஹா, ஜப்பானுக்கு ஹிகோனோகாமி. ஒவ்வொன்றுக்கும் தனி வளைவு, தனிப் பிடி, தனிக் குணம். பட்டாடா கத்தியின் பிடி ஆட்டுக்கடாவின் கொம்பு. நோந்த்ரோன் கத்தியின் பிடியில் சூட்டுக்கோலால் போட்ட சின்னச் சின்னக் குறிகள். இப்படி ஒரு கொம்புப் பிடிக் கத்தியைச் செய்ய ஒரு கைவினைஞருக்கு நிறைய நேரம் பிடிக்கும். விலையும் அதற்கேற்ப எகிறும்.

ஆனால், இப்படிக் காசைக் கொட்டிச் சேகரிக்கிறவர்களின் அலமாரியிலும், அந்த விலை உயர்ந்த கத்திகளுக்குப் பக்கத்திலேயே ஒரு சாதாரண மரப்பிடிக் கத்தி கூச்சமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும். கொம்பு இல்லை, தந்தம் இல்லை, வேலைப்பாடு இல்லை. விலையும் ரொம்பக் குறைவு. அதற்கு ஓர் ஊரின் பெயர் இல்லை, ஒரு மனிதரின் பெயர்தான். ஓப்பினெல்.

யார் இந்த ஓப்பினெல்? அவர் கத்திக்கு மட்டும் ஏன் இந்த மரியாதை? வாங்க, அவர் ஊருக்கே போய்ப் பார்க்கலாம்.

உலைச் சத்தத்தில் வளர்ந்த பையன்

ஆல்ப்ஸ் மலையில், பிரான்ஸும் இத்தாலியும் தொட்டுக்கொள்ளும் பகுதிதான் சவோய். 1860-ல்தான் அது பிரான்ஸோடு சேர்ந்தது. அதற்கு 12 வருஷம் கழித்து, 1872-ல், அங்கே மோரியன் பள்ளத்தாக்கில் பிறந்தவர் ஜோசப் ஓப்பினெல். சான் ழான் த மோரியன் என்ற சிறு நகரத்துக்கு மேலே, மலையில் இருக்கும் ழெவூதா என்ற குக்கிராமம்தான் குடும்பத்துக்குப் பூர்வீகம்.

தாத்தா விக்டர் அமெதே, முதலில் ஊர் ஊராகச் சரக்கைச் சுமந்து விற்றவர். பிறகு கொல்லர் வேலையைக் கற்றுக்கொண்டு, ஊரிலேயே பட்டறை போட்டு ஆணி அடித்தார். அப்பா டேனியல் ஒரு படி மேலே போனார். கோடரி, வெட்டரிவாள், திராட்சைக்கொடியைக் கவாத்து பண்ணும் கத்தி என்று விவசாயிகளுக்கு வேண்டிய வெட்டுக் கருவிகளைச் செய்தார். சுற்றுவட்டாரத்தில் டேனியல் பட்டறைக் கோடரி என்றால் ஒரு மதிப்பு.

18 வயதில் ஜோசப்பும் அதே பட்டறைக்குள் போனார். இரும்பைக் காய்ச்சு, அடி, திரும்பக் காய்ச்சு, திரும்ப அடி, தண்ணீரில் முக்கு, சாணை பிடி. ஒரு நேரத்தில் ஒரு கருவி. அப்பாவுக்குத் தெரிந்த உலகம் அதுதான். அந்த வேலையைப் பையனும் கற்றுக்கொண்டார்.

ஆனால், பையனின் கண் வேறெங்கோ இருந்தது. 19-ம் நூற்றாண்டின் கடைசி அது. உலகத்தில் எங்கு பார்த்தாலும் புதுப்புது மெஷின். மலைக்கிராமத்தில் இருந்த ஜோசப்புக்கும் அந்தக் காய்ச்சல் தொற்றிக்கொண்டது. போட்டோ எடுக்க ஆசை வந்தது. கேமராவை வாங்கவில்லை, தானே செய்தார்! அதை வைத்துக்கொண்டு ஊர்க் கல்யாணங்களுக்குப் போய்ப் படம் எடுத்தார். அந்தப் பகுதியில் போட்டோ எடுத்த ஆரம்பகால ஆட்களில் அவரும் ஒருவர். இன்றைக்கு நாம செய்யுற வெட்டிங் போட்டோகிராபியை, 130 வருஷத்துக்கு முன்னால் ஒரு கொல்லர் பையன் சொந்தக் கேமராவில் செய்திருக்கிறார், யோசிச்சுப் பாருங்க.

நான்கே பாகம்... நோ ஸ்பிரிங்!

பட்டறை வேலை போக மிச்சம் இருந்த நேரத்தில் ஜோசப் ஒரு சின்ன வேலையில் இறங்கினார். 1890-ல் ஒரு பாக்கெட் கத்தி செய்தார். கோடரி செய்கிற பட்டறையில் அது விளையாட்டுச் சாமான் மாதிரிதான் தெரிந்திருக்கும். நண்பர்கள் ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் கையில் பார்த்தவர்கள் தங்களுக்கும் ஒன்று கேட்டார்கள்.

அந்தக் கத்தியில் என்ன விசேஷம்? ஒன்றுமே இல்லாததுதான் விசேஷம். ஓர் எஃகு அலகு. உருண்டையான ஒரு மரப்பிடி. பிடியின் தலையில் ஒரு உலோகப் பூண். அலகையும் பிடியையும் சேர்க்கும் ஓர் ஆணி. மொத்தம் நான்கே பாகம்.

இதில் எவ்வளவு யோசனை இருக்குன்னு கொஞ்சம் உடைச்சுப் பார்ப்போம். லாகியோல் மாதிரியான கத்திகளில் பிடியின் முதுகில் ஓர் எஃகு ஸ்பிரிங் இருக்கும். அலகைத் திறந்ததும் அதுதான் இறுக்கிப் பிடிக்கும். அந்த ஸ்பிரிங்கைத் தட்டி, வளைத்து, பதம் பார்த்துப் பொருத்துவதுதான் கஷ்டமான வேலை. கத்தியின் விலை ஏறுவதும் அங்கேதான். ஜோசப் அந்த ஸ்பிரிங்கையே தூக்கிவிட்டார். மரத்தில் ஒரு பிளவு வெட்டி, அதற்குள் அலகை வைத்தார். மரத்தின் இறுக்கமே அலகைப் பிடித்துக்கொண்டது. பிளவு வெட்டிய மரம் விரியக் கூடாதே... அதற்குத்தான் பூண். நம்ம ஊர் உலக்கைக்குப் போடுவோமே, அதே சங்கதி.

மரம்னா ஒரு தொல்லையும் உண்டு. நனைந்தால் உப்பும். உப்பினால் அலகு சிக்கிக்கொண்டு வெளியே வராது. சவோய்க்காரர்கள் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பிடியின் அடிப்பக்கத்தை மேசை விளிம்பில் ஓங்கி ஒரு தட்டு. அலகு எட்டிப் பார்க்கும், நகத்தால் இழுத்துக்கொள்ளலாம். இந்தத் தட்டலுக்குச் சவோய்க்காரர் தட்டு என்றே பெயர் இருக்கு. ஓப்பினெல் வைத்திருப்பவர்கள் இன்றைக்கும் இதைச் செய்கிறார்கள்.

ஷூ மாதிரி சைஸ்!

1897-ல் ஜோசப் இன்னொன்று செய்தார். ஒரே கத்தியை 12 அளவுகளில் கொண்டுவந்தார். நம்பர் 1-ல் இருந்து நம்பர் 12 வரை. வடிவம் ஒன்றே, அளவு மட்டும் வேறு. குட்டியான நம்பர் 1-ன் அலகு 2 சென்டிமீட்டர்தான். சங்கிலியில் மாட்டிக்கொள்ள அதில் ஒரு வளையம் இருந்தது. நம்பர் 12-ன் அலகு 12 சென்டிமீட்டர். நம்பரும் சென்டிமீட்டரும் ஒன்றுதான்னு நினைச்சுடாதீங்க. இன்றைக்கு அதிகம் பேர் வாங்கும் நம்பர் 8-ன் அலகு எட்டரை சென்டிமீட்டர்.

கைக்கு ஏற்ற கத்தியை நம்பர் சொல்லிக் கேட்கலாம் என்ற இந்த ஏற்பாடு வியாபாரத்துக்குப் பெரிய உதவி. சின்னப் பையனுக்கு ஒன்று, மேய்ப்பருக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று. 130 வருஷம் ஆகப்போகுது, அந்த நம்பர் வரிசை இன்னும் மாறவில்லை. இரண்டு மட்டும் நடுவில் நின்றுபோயின. 1930-களில் நம்பர் 1-ஐயும் நம்பர் 11-ஐயும் நிறுத்திவிட்டார்கள். முன்னது ரொம்பச் சின்னது. பின்னது 10-க்கும் 12-க்கும் நடுவில் தனியாகத் தேவைப்படவில்லை. சேகரிப்பவர்கள் இன்று தேடித் தேடி அலைவது அந்த இரண்டையும்தான்!

கையா, மெஷினா?

இந்த இடத்தில்தான் ஜோசப்பின் வாழ்க்கையில் முக்கியமான திருப்பம். கத்திக்குக் கிராக்கி கூடிக்கொண்டே போகிறது. கையால் செய்துகொண்டிருந்தால் தேவையில் பாதியைக்கூடத் தர முடியாது. அவர் முன்னால் இரண்டு வழி. ஒன்று, அப்பா மாதிரி ஒவ்வொன்றாகச் செய்து, கேட்பவர்களைக் காத்திருக்க வைக்கலாம். விலையை ஏற்றலாம், பேர் பெற்ற கைவினைஞராக இருக்கலாம். இன்னொன்று, மெஷின்.

கேமராவையே சொந்தமாகச் செய்தவர் எதைத் தேர்ந்தெடுப்பார்னு சொல்லணுமா என்ன? 1901-ல் ழெவூதா பாலத்துக்குப் பக்கத்தில் தொழிற்கூடம் கட்ட ஆரம்பித்தார். மரப்பிடிகளை வேகமாகச் செய்ய ஒரு மெஷினைத் தானே வடிவமைத்தார். கையால் செய்யும்போது பிடிதான் நேரத்தைத் தின்னும். ஒன்று போல் இன்னொன்று வராது. மெஷின் வந்ததும் எல்லாப் பிடியும் ஒரே மாதிரி வந்தன, வேலையும் வேகமானது.

கையால் செய்த கத்தியைக் கொண்டாடுகிற சேகரிப்பாளர்களுக்கு இந்த இடம் கொஞ்சம் உறுத்தும். மெஷினில் செய்ததை எப்படிப் பாரம்பரியக் கத்தின்னு சொல்றது? கேள்வி நியாயமானதுதான். ஆனால், ஜோசப் மெஷினை எதற்குக் கொண்டுவந்தார்னும் பார்க்கணும். கத்தியின் வடிவத்தை அவர் மாற்றவில்லை. நான்கு பாகத்தை மூன்றாக்கவில்லை. மலைக்கிராமத்து ஏழை விவசாயி யோசிக்காமல் வாங்குகிற விலையிலேயே அதை நிறுத்தினார். மெஷின் வராமல் இருந்திருந்தால் ஓப்பினெல் ஒரு பள்ளத்தாக்கின் அபூர்வப் பொருளாக நின்றிருக்கும். வசதியானவர்களின் அலமாரிக்குப் போயிருக்கும், மேய்ப்பரின் பாக்கெட்டுக்குப் போயிருக்காது.

ரயில் ஏறிய கத்தி

தாத்தா செய்த தொழில் பேரனுக்கு உதவியது. ஊர் ஊராகச் சுமந்து விற்கிறவர்கள் மூலம் கத்தி மலைக்கிராமங்களுக்குப் போனது. அடுத்து, சவோயின் முக்கிய நகரமான ஷாம்பெரியில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. இடத் தேர்வு செம! அந்த வழியாகப் போய்வந்த ரயில்வே தொழிலாளர்கள் ஆளுக்கு ஒரு கத்தியை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்கள். வேலைக்குப் போகிற ஊரிலெல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு ரொட்டி வெட்ட அதை எடுத்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். விளம்பரமே இல்லாமல் கத்தி பிரான்ஸ் முழுக்கப் பரவியது. இன்ஃப்ளூயன்ஸர் மார்க்கெட்டிங்னு நாம இப்போ பேர் வெச்சிருக்கோம், அவ்வளவுதான்.

பேர் பரவினால் போலியும் வருமே... முத்திரை வேண்டும். பிரான்ஸில் அது பழைய வழக்கம். 1565-லேயே, கத்தி செய்யும் ஆசான்கள் தங்கள் சரக்கில் அடையாளம் பொறிக்க வேண்டும் என்று மன்னர் ஒன்பதாம் சார்லஸ் உத்தரவு போட்டிருந்தார். 1909-ல் ஜோசப் பதிவு செய்த முத்திரை, கிரீடம் சூடிய ஒரு கை. ஆசீர்வதிக்க உயர்த்திய அந்தக் கை, சான் ழான் த மோரியன் நகரத்தின் சின்னத்தில் இருப்பது. யோவான் ஸ்நானகனின் விரல் எலும்புகள் அந்த ஊர்த் தேவாலயத்தில் இருப்பதாக நம்பிக்கை. அதுதான் கைக்குக் காரணம். கிரீடம், பழைய சவோய் அரசின் நினைவு. கத்திக்குத் தன் பெயரை வைத்தவர், முத்திரையில் தன் ஊரை வைத்தார்.

1911-ல் இத்தாலியின் துரின் நகரக் கண்காட்சியில் அந்தக் கத்திக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

எரிந்தது தொழிற்சாலை

மலைக்கிராமத்தில் இருந்துகொண்டு இவ்வளவு பெரிய வியாபாரத்தைச் சமாளிக்க முடியவில்லை. முதல் உலகப்போர்க் காலத்தில், ஷாம்பெரிக்குப் பக்கத்தில் கோன்யான் என்ற ஊரில் இருந்த ஒரு பழைய தோல் பதனிடும் தொழிற்சாலையை வாங்கி, அங்கே இறங்கி வந்தார். மகன்கள் மார்செலும் லியோனும் அப்பாவோடு சேர்ந்தார்கள்.

1926-ல் கோன்யான் தொழிற்சாலையில் தீ. மரமும் மரத்தூளும் இருக்கிற இடம், கேட்கணுமா? எல்லாம் போனது. அப்போது ஜோசப்புக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. இருக்கிற பேரும் பணமும் போதும் என்று ஒதுங்கியிருக்கலாம். அவர் ஒதுங்கவில்லை. குடும்பமே சேர்ந்து திரும்பக் கட்டியது. அடுத்த வருஷமே, முன்பைவிடப் பெரிதாக உற்பத்தி ஓட ஆரம்பித்தது. இரண்டாம் உலகப்போர் தொடங்கிய 1939-க்குள் விற்ற கத்திகளின் எண்ணிக்கை 2 கோடி!

மகன் போட்ட வளையம்

அந்தக் கத்தியில் ஒரு குறை இருந்தது. அழுத்தி வெட்டும்போது அலகு மடங்கி விரலைப் பதம் பார்க்கலாம். 1955-ல் மகன் மார்செல் அதைச் சரிசெய்தார். பூணின் மேல் சுழலும் ஒரு வளையம். கத்தியைத் திறந்து வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். விரோபிளாக் என்று அதற்குப் பெயர். நான்கு பாகம் ஐந்தானது. 65 வருஷத்தில் கத்தியில் நடந்த ஒரே பெரிய மாற்றம் இதுதான்.

ஜோசப் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். 1960-ல் அவர் இறந்தார்.

அவர் போன பிறகும் மரியாதை தொடர்ந்து வந்தது. 1985-ல் லண்டனின் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியம் உலகின் அழகான 100 தயாரிப்புகளைத் தேர்ந்தெடுத்தது. போர்ஷே 911 காரோடும் ரோலக்ஸ் வாட்ச்சோடும் ஒரே வரிசையில் இந்த மரப்பிடிக் கத்தி! 1989-ல் பிரெஞ்சு அகராதியான லாரூஸில் ஓப்பினெல் என்ற சொல்லே இடம்பிடித்தது. ஒரு கொல்லர் குடும்பத்தின் பெயர், ஒரு மொழியில் கத்தியைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது.

நீங்களும் சேகரிக்கப் போறீங்களா?

கதையைக் கேட்டதும் ஆசை வந்துவிட்டதா? அப்போ இதையெல்லாம் மனசுல வெச்சுக்கோங்க.

வளையத்தைப் பாருங்க: பழைய ஓப்பினெல் என்று யாராவது விற்றால், முதலில் பார்க்க வேண்டியது பூட்டு வளையம். பெரிய சைஸில் அது இல்லாவிட்டால் 1955-க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் உஷார்... நம்பர் 2 முதல் 5 வரையிலான குட்டிக் கத்திகளுக்கு இன்றைக்கும் வளையம் கிடையாது. அதைக் காட்டி உங்களை ஏமாற்றலாம். மடக்கிய நிலையிலும் பூட்டும் வளையம் 2000-ல் வந்தது. அது இருந்தால் எவ்வளவு அழுக்கு பூசியிருந்தாலும் பழசு இல்லை.

பெயரை மட்டும் நம்பாதீங்க: லாகியோல் என்று பொறித்த எல்லாக் கத்தியும் லாகியோல் ஊரில் செய்தது இல்லை. வேறெங்கோ மலிவாகச் செய்த சரக்கும் அந்தப் பெயரில் சந்தையில் ஏராளம். செய்தவர் யார், எந்த ஊர்ப் பட்டறை என்று கேட்டு வாங்குங்க.

கறையைத் தேய்க்காதீங்க: பழைய கத்திகளின் அலகு கார்பன் எஃகு. பழம் வெட்ட வெட்ட அது சாம்பலும் நீலமுமாக நிறம் மாறும். அது அழுக்கு இல்லை, வயசு. பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்தால் மதிப்பு போய்விடும். சிவப்பாகத் துரு ஏறினால் மட்டும் மெதுவாக எடுங்க. உபயோகித்ததும் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைங்க. மரப்பிடியைத் தண்ணீரில் ஊறவிடாதீங்க.

பயணத்தில் கவனம்: மடக்குக் கத்தி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் விமானத்தில் கைப்பையில் வைக்காதீங்க. ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள். வெளிநாட்டில் வாங்குவதாக இருந்தால், அங்கேயும் இங்கேயும் என்ன சட்டம் என்று பார்த்துவிட்டு வாங்குங்க.

கடைசியாக ஒன்று. சேகரிப்பவர்கள் பெரும்பாலும் தேடுவது, யாருமே தொடாத புதுக்கருக்குக் கத்தியை. ஆனால், ஜோசப் செய்த அந்த ஆரம்பகாலக் கத்திகள் இன்றைக்கு ஏன் இவ்வளவு அபூர்வம்? யாரும் அவற்றைப் பத்திரப்படுத்தவில்லை என்பதால்தான். வெட்டினார்கள், சாணை பிடித்தார்கள், தேயத் தேய மறுபடி சாணை பிடித்தார்கள். அலகு ஈர்க்குச்சி மாதிரி மெலிந்து போனதும் தூக்கிப்போட்டு, இன்னொன்றை வாங்கிக்கொண்டார்கள். அப்படித் தேய்ந்து தீரட்டும் என்றுதான் அவரும் அதைச் செய்தார். அதனால்தான் விலையைக் குறைத்தே வைத்தார்.

அதனால, அலமாரிக்கு என்று ஒன்று வாங்கினால் பாக்கெட்டுக்கு என்று இன்னொன்றும் வாங்குங்க. நம்பர் 8 போதும். ஆரஞ்சு உரிக்க, பார்சல் பிரிக்க, ரொட்டி வெட்ட அதை எடுங்க. நாலு வருஷம் கழித்துப் பாருங்க... உங்க சேகரிப்பிலேயே உங்களுக்கு ரொம்பப் பிடித்தது அந்தத் தேய்ந்த கத்தியாகத்தான் இருக்கும்!